மேடைக்குப் பின்னால் நாலடி

2022 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, தில்லி லோதி ரோட்டில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், நகர நிகழ்கலை மையத்தின் வடிவமைப்பு ஆலோசனைக் குழு முதன்முறையாகக் கூடியது. உறுப்பினர்கள் ஆறு பேர். ஐந்து பேரின் பெயருக்குப் பின்னால் பட்டமோ பதவியோ இருந்தது. ஆறாவது பெயர் ராஜசேகரன். அதற்கு எதிரே 'பயனாளர் பிரதிநிதி' என்று போட்டிருந்தது.

ராஜசேகரனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். லோதி ரோடு வட்டாரத்திலேயே இருந்த தமிழ்ச் சபா ஒன்றின் அரங்கத்தில் இருபத்தொன்பது வருஷமாக மேடைப் பொறுப்பு அவருடையது. திரை இழுப்பது, விளக்குப் போடுவது, மைக் வைப்பது, மிருதங்கக்காரருக்கு ஜமுக்காளம் மடித்துப் போடுவது, ஆணி தட்டுவது எல்லாம் அவர்தான். சபாவுக்கு வந்து போகிற எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அரங்கத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல இரண்டு அறை வீடு, சபா கொடுத்தது. மகள் ஸ்நேகா பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். ஆட வருகிறவர்களுக்கு மனைவி காமாக்ஷி பலகாரம் செய்து கொடுப்பாள். உதட்டுச் சாயம் கலையாமல் ஒரே வாயில் போகிற குட்டி இட்லி, மிளகாய்ப்பொடியில் புரட்டியது. அதைச் சாப்பிடுவதற்காகவே பாதி நாட்டியக் குழுக்கள் இந்த அரங்கத்தைக் கேட்கின்றன என்று ராஜசேகரன் சொல்லுவார். காமாக்ஷி அதை மறுத்ததில்லை.

முதல் கூட்டத்தில் பெரிய திரையில் படம் காட்டினார்கள். கண்ணாடி முகப்பு, நீரூற்று, சுழல் படிக்கட்டு. மேடைப் படம் வந்ததும் தலைவராக இருந்த தலைமைப் பொறியாளர், "அரே, ராஜசேகர் ஜி, நீங்கள் சொல்லுங்கள். மேடை உங்கள் வீடு" என்று இந்தியில் கேட்டார்.

ராஜசேகரன் எழுந்து நின்றார். "பஹுத் அச்சா ஹை சார், பஹுத் சுந்தர். இவ்வளவு நல்ல, இவ்வளவு அழகான மேடையை நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

அந்த ஒரே ஒரு விஷயம் பின்வழி. மேடையின் கடைசித் திரைக்கும் பின்சுவருக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு நடை வேண்டும். இடப்பக்கம் உள்ளே போன ஆட்டக்காரி நாற்பது விநாடியில் வலப்பக்கம் வெளியே வர வேண்டியிருக்கும். பார்க்கிறவர் கண்ணில் படாமல் அவள் ஓடுவதற்கு அது ஒன்றுதான் வழி. சபா அரங்கத்தில் மற்றது எல்லாம் ஓட்டை. கூரை ஒழுகும், ஏசி இருமும். ஆனால் பின்வழி இருந்தது. இருட்டில் சலங்கை சத்தம் கேட்காமல் இருக்கப் பழைய ஜமுக்காளத்தை அங்கே விரித்து வைத்திருந்தார். வளைவில் இடிபடாமல் இருக்க ஒரு சின்ன நீல பல்பு. இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக அந்த நாலடிக்குள் ஓடி மறுபக்கம் போய் நிற்பார்கள். அவர் கையை மடக்கி, முழங்கை இரண்டும் சுவரிலும் திரையிலும் படாமல் நடந்து காட்டி அளவு சொல்லுவார்.

கூட்டத்திலும் அப்படியே காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ வந்தது.

இப்படி மூன்று வருஷத்தில் பதினொரு கூட்டம். ஒவ்வொன்றிலும் அவர் எழுந்து நின்று சொன்னார். கூட்டக் குறிப்புகள் வீட்டுக்குத் தபாலில் வரும். ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பார். அச்சில் அது இருப்பதைப் பார்த்ததும் ஒரு நிறைவு. பாலிதீன் உறையில் போட்டு, தேதி வரிசையில் இரும்புப் பெட்டியில் அடுக்கி வைத்தார்.

2025 மார்ச்சில் சபா அரங்கத்துக்குத் தீயணைப்பு அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அரங்கத்தை மூடுவதென்று செயற்குழு முடிவு செய்தது. வீட்டை ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ராஜசேகரன் அதிகம் கலங்கவில்லை. புது மையத்தில் மேடை மேலாளர் வேலைக்கு அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று தலைவரே சொல்லியிருந்தார். கூடவே வளாகத்துக்குள் வீடும் உண்டு.

மே 22ஆம் தேதி குழுவைக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். ரிங் ரோட்டை ஒட்டிய இடம். நாற்பத்து நாலு டிகிரி வெயில். மண்ணும் அனலுமாகக் காற்று அடித்தது. முகப்பு நிழலில் பீகார்க் கொத்தனார்கள் ரொட்டியும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார்கள். மற்ற உறுப்பினர்கள் சுழல் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராஜசேகரன் நேராக மேடைக்குப் போனார்.

பலகை நல்ல தேக்கு. காலால் தட்டிப் பார்த்தார். எதிர்ச்சத்தம் சரியாக இருந்தது. பின்னால் போனார். கடைசித் திரை தொங்கப்போகும் கம்பிக்கு ஒரு சாண் தள்ளிச் சுவர் நின்றது. சுவரோடு ஆள் உயரத்துக்குத் தகரக் குழாய் ஓடியது. ஏசி டக்ட்.

"பின்வழி எங்கே?" என்று கட்டடத்துப் பொறுப்பிலிருந்த இளம் இஞ்சினியரைக் கேட்டார்.

"எந்தப் பின்வழி, அங்கிள் ஜி?"

"இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக."

"அச்சா, அதுவா. ஆறாவது கூட்டத்தில் நாலு வரிசை நாற்காலி கூட்டினார்களே, தொள்ளாயிரத்தை ஆயிரத்து நாற்பது ஆக்கினார்களே, அப்போது மேடை பின்னால் நகர்ந்துவிட்டது. போக வேண்டுமென்றால் இந்தக் கதவால் வெளியே போய்ச் சுற்றி அந்தக் கதவால் வரலாம். நல்ல அகலமான கதவு."

ராஜசேகரன் அந்தக் கதவால் வெளியே போனார். ஜெனரேட்டரைத் தாண்டி, சரளைக்கல் பரப்பைத் தாண்டி, சாக்கடைத் தொட்டி மூடியைச் சுற்றி, டிரான்ஸ்பார்மர் வேலியை ஒட்டி நடந்தார். மறு கதவால் உள்ளே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எண்ணிக்கொண்டு வந்த காலடி நூற்று அறுபத்து நாலு. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பத்து விநாடி.

"நான் பதினொரு தடவை சொல்லியிருக்கிறேனே" என்றார்.

இஞ்சினியர் கைபேசியில் எதையோ தேடிப் பார்த்தான். "உங்கள் பெயரில் குறை எதுவும் இல்லையே, அங்கிள் ஜி. எல்லாவற்றிலும் நீங்கள் திருப்தி என்றுதான் இருக்கிறது."

சாயங்காலம் வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டியில் இருந்தது. காமாக்ஷி அடுப்பில் புளிமிளகாய் கொதிக்கவிட்டிருந்தாள். குருகிராமில் ஒரு நிதிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்நேகா மெட்ரோவில் நசுங்கி வந்து, கூலர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ராஜசேகரன் இரும்புப் பெட்டியைத் திறந்து பாலிதீன் உறைகளை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

"எல்லாமா? பப்பா, இது எவ்ளோ இருக்கு!"

"எம்பேரு வார எடத்த மட்டும் படி."

ஸ்நேகா முதல் தாளைப் புரட்டினாள். "பயனாளர் பிரதிநிதி மேடை அமைப்பை வெகுவாகப் பாராட்டினார். அவ்ளோதான்."

"பொறவு?"

"பொறவு தலைவருக்கு நன்றி சொல்லி மீட்டிங் முடிஞ்சது."

"அடுத்தத எடு."

"பயனாளர் பிரதிநிதி திருப்தி தெரிவித்தார்." அடுத்தது. "பயனாளர் பிரதிநிதி மகிழ்ச்சி தெரிவித்தார்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறாவதுல என்ன தெரியுமா? 'இருக்கைகளை அதிகரிக்கும் மாற்றத்தைப் பயனாளர் பிரதிநிதியும் வரவேற்றார்.' பப்பா, ஒரு மீட்டிங்லகூட நீங்க சண்டை போடவே இல்லையா?"

"சண்ட எதுக்குட்டி? சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு நின்னு சொன்னேன்."

காமாக்ஷி கரண்டியோடு வாசற்படிக்கு வந்தாள். "எப்பிடிச் சொன்னிய? நாந்தான் அந்தப் பெரிய ஆபீசருன்னு வச்சுக்கிடுங்க. சொல்லுங்க, கேப்போம்."

"வெளையாடாத."

"வெளையாடல. சொல்லுங்க."

ராஜசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பஹுத் அச்சா ஹை சார், பஹுத் சுந்தர்..."

"நிப்பாட்டுங்க. இங்கனயே முடிஞ்சு போச்சு. இதுக்கு மேல எந்த ஆபீசரு காது குடுப்பான்? நம்ம கல்யாணத்துல சாம்பாரு உப்புக்கரிச்சதுக்கும் நீங்க இப்பிடித்தான் செஞ்சிய. 'சாப்பாடு பிரமாதம் மாமா, என்னன்னா கொஞ்சம்'னு இழுத்திய. எங்கப்பா பிரமாதத்த வாங்கிக்கிட்டு அடுத்த பந்திக்குப் போயிட்டாவ. முன்னூறு பேரும் அந்தச் சாம்பாரத்தான் குடிச்சாவ."

"பெரிய மனுசங்கிட்ட எடுத்த எடுப்புலயே நொட்டம் சொல்ல முடியுமா?"

"முடியாது. அதான் செவரு எந்திரிச்சு நிக்கி."

ஸ்நேகா தாள்களை உறைக்குள் திரும்பப் போட்டாள். "அடுத்த மீட்டிங் எப்போ?"

"ஜூலை பத்து. அதுதான் கடைசி. பயனாளர் ஒப்புதல்னு ஒரு தாள் இருக்காம். கையெழுத்துப் போடணும்."

"போடலைன்னா?"

அவர் உறைகளை வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். காமாக்ஷிதான் சொன்னாள். "போட்டா வேல, வீடு. போடலன்னா மிச்ச அட்டப்பெட்டியையும் கட்ட வேண்டியதுதான். எனக்கு வீடு வேணும், சொல்லிட்டேன். அந்தப் புள்ளைய வெளிய ஓடுததும் எனக்குச் சகிக்காது. ரெண்டையும் சொல்லிட்டேன். பொறவு எங்கிட்டக் கேக்காதிய." புளிமிளகாய் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் உள்ளே போனாள்.

குறிப்புகளை எழுதியவர் ஜெயகிருஷ்ணன். அந்த அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர், மன்னார்குடிக்காரர். சபாவில் மார்கழிக் கச்சேரிக்கு ஒருநாள் தவறாமல் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை ராஜசேகரன் பஸ் பிடித்துக் கிட்வாய் நகர் போனார். புதிய அடுக்ககத்தில் பதினொன்றாவது மாடி. ஜெயகிருஷ்ணன் லுங்கியோடு கதவைத் திறந்தார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ராஜசேகரன் உறைகளை மேஜைமேல் வைத்தார்.

"நான் பின்வழியப் பத்திச் சொன்னது எதுவும் இதுல இல்லையே சார்."

ஜெயகிருஷ்ணன் உறைகளைத் தொடவில்லை. "இல்ல அண்ணாச்சி. நான்தான் எழுதல."

"காதுல விழலியோ?"

"நல்லா விழுந்துச்சு. தெரிஞ்சேதான் விட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதைக் கேளுங்க. குறைன்னு ஒரு வரி எழுதினா, அதுக்கு என்ன நடவடிக்கைன்னு அடுத்த மீட்டிங்ல ஒரு வரி எழுதணும். யாரு குறை சொன்னதுன்னு மேல கேப்பாங்க. நாளைக்கு இந்த மேனேஜர் போஸ்ட் வரும்போது ஃபைலைப் புரட்டுவாங்க. தகராறு பண்ற ஆளுன்னு ஒரு நெனப்பு வந்தாப் போதும், முடிஞ்சுது. நீங்க முதல்ல பாராட்டித்தான் பேசினீங்க. அதை எழுதினேன். பொய் ஒண்ணும் எழுதலையே? நம்மாளு ஒருத்தர் உள்ள போகட்டும்னு நெனச்சேன்."

"எனக்கு நல்லதுன்னு."

"உங்களுக்கு நல்லதுன்னுதான்."

"பதினோரு தடவையும்."

"அண்ணாச்சி, டிராயிங்ல ஆர்க்கிடெக்ட் வச்சிருப்பான்னு நெனச்சேன். எனக்கு மேடையைப் பத்தி என்ன தெரியும்? நான் மூணாவது வரிசையில உக்காந்து பாக்கறவன்."

ராஜசேகரன் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். கோபப்பட ஒரு பிடி கிடைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஜெயகிருஷ்ணன் வற்புறுத்தினார். இவர் எழுந்தார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்க்க, "காபி பிரமாதம்மா" என்றார். காபியில் சர்க்கரையே இல்லை. அது லிஃப்டில் இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்தாவது மாடி வரைக்கும் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஆறு வாரமும் வீட்டில் அட்டைப்பெட்டிகள் பாதி கட்டியபடியே கிடந்தன. ஜூலை பத்தாம் தேதி காலையில் காமாக்ஷி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். முந்தின நாள் பெய்த மழையில் லோதி ரோடெங்கும் நாவல் பழம் நசுங்கிக் கிடந்தது. கூட்ட அறையில் அதே நீள மேஜை, அதே பிஸ்கட். நிகழ்ச்சி நிரலில் நாலாவது பொருள், பயனாளர் ஒப்புதல். தலைவர் புன்னகையோடு அவர் பக்கம் திரும்பினார்.

ராஜசேகரன் எழுந்தார். "அச்சா நஹீ ஹை, சார்" என்றார்.

பிஸ்கட்டை எடுத்த கை ஒன்று தட்டிலேயே நின்றது. மேஜைக் கோடியில் ஜெயகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார்.

"மேடை நன்றாக இல்லை. பின்வழி இல்லாத மேடையில் கூட்டமாக ஆட முடியாது."

"ராஜசேகர் ஜி, இன்றைக்கு என்ன கோபம்? டீ குடியுங்கள்" என்றார் தலைவர். "பதினொரு கூட்டத்திலும் திருப்தி என்றவர் நீங்கள். இப்போது சுவரை இடிக்க வேண்டுமென்றால் பதினாலு மாதம். இதோ, இரண்டு பக்கமும் கதவு இருக்கிறதே, சுற்றி வரட்டுமே. ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷ வேலை இல்லை சார். காட்டுகிறேன்."

அந்த அறைக்கு இரண்டு கதவு. நாற்காலிகள் சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் பின்னால் நடக்க இடமில்லை. ராஜசேகரன், "கடிகாரத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கக் கதவால் வெளியே போனார். வராந்தாவில் பழைய பீரோக்களையும் தண்ணீர் மிஷினையும் தாண்டி, வளைந்து, அந்தப் பக்கக் கதவுக்கு வந்து தள்ளினார். உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார். மறுபடி தட்டினார். பியூன் எங்கிருந்தோ எழுந்து வந்து தாழை விலக்கியபோது, உள்ளே திரையில் நீரூற்றுக்கான விளக்குகளின் நிறப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது பொருள்.

"சார், எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

யாரும் பார்த்து வைக்கவில்லை.

கூட்டம் முடிந்து ஒப்புதல் தாள் சுற்றுக்கு வந்தது. ஐந்து கையெழுத்து விழுந்திருந்தது. தலைவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "உங்கள் பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்கிறது. போட்டுவிடுங்கள். எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்."

ராஜசேகரன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். தாளை அடுத்த நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்தார். "தன்யவாத் சார்" என்றார்.

ஜெயகிருஷ்ணன் அந்த முறை அவர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதினார். வரைவு மேலே போய்த் திரும்பி வந்தபோது அந்தப் பத்தி பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. இறுதிக் குறிப்பை ஸ்நேகாதான் படித்துச் சொன்னாள். "'நாலாவது பொருள் விவாதிக்கப்பட்டபோது பயனாளர் பிரதிநிதி அறையில் இல்லை. முந்தைய பதினொரு கூட்டங்களில் அவர் பதிவு செய்துள்ள திருப்தியே அவரது ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது.'" தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பப்பா, இதுக்கு மேல எழுதலாமா? அப்பீல், ஆர்டிஐ, ஏதாவது?"

"எழுது" என்றார். எழுதினாள். இரண்டு கடிதம். பதில் ஒன்றுக்கு வந்தது: இரண்டாம் கட்டப் பணியின்போது பரிசீலிக்கப்படும்.

மேடை மேலாளர் வேலைக்கு வேறொருவரை எடுத்தார்கள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராஜசேகரன் குடும்பம் ஜனக்புரியில் இரண்டாவது மாடி வாடகை வீட்டுக்குப் போனது. அங்கே ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் அவருக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. இறைவணக்கத்துக்கு மைக், ஆண்டு விழாவுக்குத் திரை.

மையம் ஆகஸ்ட் 14ஆம் தேதி திறக்கப்பட்டது. தொடக்க நிகழ்ச்சி ஷ்வேதா குழுவின் நாட்டியம். ஷ்வேதா சபா அரங்கத்தில் பதினைந்து வருஷம் ஆடியவள். குட்டி இட்லி வேண்டுமென்று காமாக்ஷிக்குத்தான் போன் பண்ணினாள். முந்நூறு இட்லியோடு காமாக்ஷி ஆட்டோவில் போனாள். ராஜசேகரன் போகவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது புடவைக் கரை நனைந்திருந்தது. தூக்குச்சட்டியைச் சமையல் மேடைமேல் வைத்தாள்.

"மழையா?" என்றார்.

"ஊத்துது. அந்தப் புள்ளைய ஒரு கதவால வெளிய வந்து, செருப்பில்லாம சரளக்கல்லுல ஓடி அடுத்த கதவால உள்ள போறாவ. ஷ்வேதா மேசைத் துணிய நாலு பேரு கையில குடுத்துப் பந்தல் மாதிரிப் பிடிக்கச் சொன்னா. ஒரு புள்ளைக்கிக் கால்ல கிழிச்சிருச்சு. மையெல்லாம் கன்னத்துல ஓடி..." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்கன ஒருத்தன் எங்கிட்ட வந்து கேக்கான், 'மாத்தா ஜி, இதை இப்படி யாரு பிளான் போட்டா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? வாசல்ல கல்வெட்டு வச்சிருக்கான். ஆறு பேரு. உங்க பேரு கடேசில இருக்கு."

அவர் எழுந்து தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார். நாலு இட்லி மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

2025 செப்டம்பர் 9ஆம் தேதி, மையத்தின் பயன்பாட்டுக்காகப் பெரிய அளவிலான கறுப்புக் குடைகள் முப்பது வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது.